பிறவிக்குணவாத மறுப்பு

ஒருவன் சினத்தனாதலும் பொறையனாதலும், ஊக்கமுடையனாதலும் மடியனாதலும், உவகை மிக்கு வாழ்தலும் உள்ளங் கலங்கி நிற்றலும் அவனது பிறவிக்குணத்தான் வருவன. அக்குணம் ஒருகாலும் மாறாது. மாறாத அதுவே அவன் செய்கையையும் நலத்தையும் வரையறுத்துவிடும். ஆகலின் அறவுரையும் நன்னூற் பயிற்சியும் வழிபாடும் ஒருவனைத் திருத்தும் என்றல் வீண் என்பதொரு கொள்கை இற்றை நாளில் நம்மவருள்ளும் பரவி வருகின்றது. இதனைப் பிறவிக்குணவாதம் என யாம் வழங்குவேம். இவ்வாதியர் இருதிறத்தர். ஒருசாரார், மேனாட்டு உளநூலார் கண்ட முடிபு இதுவே என்பர். மற்றொருசாரார், நம் சித்தாந்தத்தையே மேற்கோளாக்கி, யாவும் பிராரத்தத்தின் வழியவாகலின் குணமும் அவ்வாறே என்பர். முன்னவர் அவ்வுளநூலை முற்றும் படியாதவர். பின்னவர் சாத்திரத்தை முற்றும் படியாதவர். இருவர் கூற்றையும் முறையே ஆராய்வாம்.

இவ்வழக்கு ஏட்டளவில் நிற்குமாயின் யாம் இதனைக் கையில் எடுத்திரேம். அது வீட்டினுள்ளும் பள்ளியினுள்ளும் புகுந்துவிட்டது. கைப்பேசியிற் சில வினாக்களுக்கு விடையிறுத்து, மக்களுள் பதினாறு வகை உண்டென்றும், அவற்றுள் தாம் இன்ன வகையினர் என்றும் நான்கெழுத்துப் பெயரொன்று பெற்று, அதனைக் குலப்பெயர்போற் சொல்லித் திரியும் இளைஞர் பலர். அண்மையில் யாம் சென்றிருந்த ஓர் ஊரில், திருமுறை வகுப்பிற்குத் தம் மகனை விடுக்கும்படி ஒரு தந்தையாரைக் கேட்டேம். அவர், “ஐயா, இவன் கூச்சக் குணத்தன் என்று பள்ளியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பாட இவனால் ஆகாது” என்றார். பையனுக்கு வயது பத்து. பத்து வயதில் அவனுக்கு முடிபு எழுதியாயிற்று! அவனோ தந்தையின் முதுகுப்புறம் நின்று அச்சொல்லை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தகைய பிள்ளைகள் எத்துணையரோ! அவர் பொருட்டே இம்மறுப்பு எழுந்தது.

நிற்க. மக்களியல்பை வகைப்படுத்தும் முயற்சி புதியதன்று. கிரேக்க மருத்துவர், உடம்பின்கண் உள்ள நால்வகை நீர்களின் மிகுதி குறைவான் இயல்பு நான்கு என்றனர். நம் மருத்துவர் வாதம் பித்தம் ஐ என மூன்று கொண்டனர். மேனாட்டில் இவ்வாராய்ச்சி இக்கால முறையில் உருப்பெற்றது 20ஆம் நூற்றாண்டிலேயாம். 1936இல் அமெரிக்க நாட்டு ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்னும் இருவர், மக்களியல்பிற் கருதத்தக்கன யாவும் மொழியிற் சொல்லாய் அமைந்திருத்தல் வேண்டும் என எண்ணி, ஆங்கிலப் பேரகராதி ஒன்றைத் துருவி 17,953 சொற்களைத் திரட்டினர். சொல்லாராய்ச்சியில் வாழ்நாள் கழித்த எம்போல்வார்க்கு இம்முறை உவப்பளிப்பதே. பின்வந்தோர் அச்சொற்களைக் குறைத்தும் கூட்டியும் கணக்கிட்டு, முடிவில் ஐந்து தலைமைக் குணங்களைக் கண்டனர். பிறரொடு கலந்து மகிழும் புறநோக்கு, இணக்கம், ஒழுங்குடைமை, மனக்கலக்கம், புதியன நாடல் என அவற்றைத் தமிழிற் கூறலாம். இவ்வைந்தும் உண்டு அல்லது இல்லை என இருகூறாக நில்லா. உயரம்போல ஒவ்வொருவர்பாலும் ஒவ்வோர் அளவின் நிற்பன.

இவ்வாராய்ச்சி இகழத்தக்கதன்று. 1991இல் பாரிக், மவுண்ட் என்பார் 117 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, ஒழுங்குடைமை மிக்கார் எவ்வகைத் தொழிலினும் ஓரளவு மேம்பட்டு நிற்றலைக் காட்டினர். புறநோக்குடையார் உவகையை மிகுதியும் உணர்வர் என்றும், மனக்கலக்கமுடையார் துன்பத்தை மிகுதியும் உணர்வர் என்றும் 1980இல் காஸ்டா, மெக்ரே என்பார் நிறுவினர். ஒரே மழையில் நனைந்த இருவருள் ஒருவர் நகைத்தலும் ஒருவர் நொந்துகொள்ளலும் நாம் நாடோறும் காண்பதன்றோ? ஆகவே குணம் என ஒன்று உண்டு. அது செய்கையினும் நலத்தினும் தோய்கின்றது. இதனை யாமும் உடன்படுகின்றேம். யாம் மறுப்பன இரண்டே: அது மாறாது என்பதும், அதுவே வரையறுத்துவிடும் என்பதும்.

அதன்முன் ஒரு களை பறித்தல் வேண்டும். கைப்பேசி தரும் பதினாறு வகைக்கும் மேற்கூறிய ஐந்திற்கும் பிறப்பு வேறு. 1921இல் யுங் என்னும் உளமருத்துவர் எழுதிய நூலைத் தழுவி, பிரிக்ஸ் என்னும் தாயும் மையர்ஸ் என்னும் மகளும் வகுத்தது அது. அவ்விருவரும் உளநூலை முறையாகப் பயின்றவரல்லர். அளவாய் நிற்பதனை இருகூறாக வெட்டுதலே அதன் பெருங்குற்றம். ஐந்தடி ஐந்தங்குலத்திற்கு ஒருவிரல் மேற்பட்டாரை நெடியர் என்றும், ஒருவிரல் தாழ்ந்தாரைக் குறளர் என்றும் கூறின் எத்துணைப் பொருந்துமோ அத்துணையே அதுவும் பொருந்தும். அதனாலன்றே, சில கிழமை கழித்து அவ்வினாக்களுக்கே மீண்டும் விடையிறுப்பார் பலர் வேறு வகையிற் சென்று வீழ்கின்றனர்? அற்றேல், படித்தவுடன் “இது நானே” என ஒவ்வொருவருக்கும் தோன்றுதல் என்னையெனின், கூறுதும். போரர் என்னும் பேராசிரியர் தம் மாணாக்கர் 39 பேர்க்கு ஒரு தேர்வு நடத்தி, அவரவர் இயல்பை எழுதியது என ஒவ்வொருவர்க்கும் ஓர் ஓலை கொடுத்து, அது தமக்கு எத்துணைப் பொருந்தும் என ஐந்திற்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பின்னர்ப் பார்க்க, எல்லாருக்கும் கொடுத்தது ஒரே எழுத்து! அதுவும் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்தினின்று பெரிதும் எடுத்தது. 1949இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. தம்மைப் பற்றிப் பிறர் கூறும் பொதுமொழியில் தம்மையே காணும் பேதைமை அன்றும் இன்றும் ஒன்றே.

இனி, முதற்சாரார் பெரிதும் பற்றிநிற்கும் கோல் இரட்டையர் ஆராய்ச்சியாகும். ஒருகருவிற் பிளந்த இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிட்டு, குணவேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு பிறப்புவழியது என உளநூலார் கணித்தனர். “பாரீர், பிறவிக்குணம் என அவரே கூறினர்” என்பர் வாதியர். 40 என்றக்கால் எஞ்சிய 60 எங்குப் போயிற்று என அவர் வினவுவதிலர். அன்றியும், அக்கணக்கு ஒரு கூட்டத்தாரிடையே காணும் வேற்றுமையைப் பற்றியதேயன்றி, ஒருவன் குணத்தில் 40 பங்கு பூட்டப்பட்டுக் கிடக்கின்றது என்பதன்று. அவ்வாறு கொள்ளல், ஓர் ஊரார் செல்வ வேற்றுமையிற் பாதி தந்தைவழி வந்தது எனக் கேட்டு, தன் பெட்டியிலுள்ள காசிற் பாதியைச் செலவிடல் ஆகாது என ஒருவன் அஞ்சினாற்போலும். இனிப் பிறப்புவழி வந்தது மாறாது என்பதுதான் யாண்டுப் பெற்ற விதி? கண்ணின் குறை பிறப்புவழி வரினும் கண்ணாடி அதனைத் திருத்துகின்றதே!

மாறும் என்பதனை அவ்வாராய்ச்சியாளரே காட்டினர். முப்பது வயதிற்குமேல் குணம் சுதைபோல் இறுகிவிடும் என்னும் கருத்தை வில்லியம் சேம்சு என்னும் பேரறிஞர் 1890இல் எழுதிவைத்தார். அது நெடுங்காலம் செல்லாக்காசு எனத் தெரியாமலே கைமாறி வந்தது. 2006இல் ராபர்ட்ஸ் என்பாரும் அவர் துணைவரும், ஒருவரையே பல்லாண்டு தொடர்ந்து அளந்த 92 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினர். இருபது வயதிற்கும் நாற்பதிற்கும் இடையே மக்கள் பொதுவாக ஒழுங்குடைமையில் வளர்தலும் மனக்கலக்கத்தில் தணிதலும் அதனாற் புலப்பட்டன. முதுமைக்கண்ணும் சில குணங்கள் மாறின. 2017இல் அவர் மற்றொரு தொகுப்பில், மருத்துவம் முதலிய முயற்சிகளான் குணம் மாறுமா எனப் பார்த்த 207 ஆராய்ச்சிகளை எடுத்துக்கொண்டார். சராசரி 24 கிழமைப் பயிற்சியில் குணம் மாறியமையும், மனக்கலக்கமே பெரிதும் தணிந்தமையும் அதிற் கண்டவை. எதனை மாறவே மாறாது என்றனரோ அதுவே முதற்கண் அசைந்தது!

மகிழ்ச்சி பிறப்பினாலேயே அளவிடப்பட்டது. மேலும் மகிழ முயல்வது மேலும் உயர முயல்வது போலும் என 1996இல் லிக்கன், டெல்லிகன் என்னும் இருவர் எழுதிய கூற்றை வாதியர் இன்றும் எடுத்துக்காட்டுவர். லிக்கன் பின்னர் அக்கூற்றைத் தாமே தவறென விலக்கிக்கொண்டமையை மட்டும் கூறார். ஆசிரியர் கைவிட்ட பிள்ளையை இவர் எடுத்து வளர்ப்பது எதன்பொருட்டோ!

ஈண்டு நலத்தைப் பற்றி இன்னொன்று ஆழ நோக்கற்பாலது. டெர்மன் என்னும் பேராசிரியர் 1921இல் கலிபோர்னியாவில் அறிவுமிக்க சிறார் 1,500 பேர்க்கு மேற்பட்டாரைத் தேர்ந்து அவர்தம் வாழ்வைத் தொடர்ந்து குறிக்கத் தொடங்கினார். அவர் மறைந்த பின்னும் அக்குறிப்பு நின்றிலது. 1993இல் பிரீட்மன் முதலியோர் அதனை எடுத்து, யார் நெடிது வாழ்ந்தனர் எனப் பார்த்தனர். எப்போதும் நகைத்து விளையாடிய பிள்ளைகள் நெடிது வாழ்ந்திருப்பர் என யாரும் எதிர்பார்ப்பர். அவ்வாறன்று, அவர் சிறிது முன்னரே மாண்டனர். ஒழுங்குடைமையும் முன்னறிந்து செய்தலும் உடைய பிள்ளைகளே நீடு வாழ்ந்தனர். ஒழுங்குடையார் புகையையும் மதுவையும் குறைவாகக் கைக்கொண்டமை அதற்கு ஒருசார் காரணமாயிற்று. முழுக் காரணம் அதுவென்று அவர் கூறிலர். எனினும் இதிற் பெறப்படுவது யாது? குணம் என்பது ஆயுளை எழுதிய ஓலையன்று. அது நாளும் நாளும் செய்யும் செய்கைவழியே உடம்பிற் சென்று தைக்கின்றது என்பதன்றோ? செய்கைவழிச் செல்வதாயின், செய்கையை மாற்றுவான் அவ்வழியை மாற்றினான் ஆவன். ஒழுக்கம் என்னும் தமிழ்ச்சொல் ஒழுகுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒருநாட் செயல் ஒழுக்கம் ஆகாது. இடையறாது ஒழுகுவதே ஒழுக்கம். நம் முன்னோர் குணத்தைத் திருத்த ஒழுக்கத்தைக் கைப்பற்றியது இதுபற்றியே.

மாற வேண்டும் என விரும்பினால் மட்டும் போதுமோ எனின், போதாது. 2019இல் ஹட்சன் என்பாரும் பிறரும் மாணாக்கர்க்கு 15 வாரம் கிழமைதோறும் சிறுசிறு செயல்களைப் பணித்து ஆராய்ந்தனர். ஏற்ற செயலைச் செய்து முடித்தார் மாறினர். செய்வதாக ஏற்றுச் செய்யாதொழிந்தார் மாறிலர். விரதம் ஏற்றுக் கைவிடுவாரை நம் பாட்டிமார் கடிந்ததன் உண்மை இதுவே போலும். ஏழுநாளில் உன் இயல்பை மாற்றித் தருவேன் எனக் கடைவிரிக்கும் வணிகரையும் இவ்வாராய்ச்சி வாயடைக்கின்றது. குணம் மாறும், ஆயின் மெல்ல மாறும், மாறும் அளவும் பெரிதன்று. மற்றும், மனக்கலக்கம் நோயளவிற் சென்றாரை “மனத்தை மாற்றிக்கொள்” என இடித்துரைத்தல் கொடுமை. காய்ச்சலுற்றானை மருத்துவர்பால் கொண்டுசெல்வார் கலங்கினானையும் கொண்டுசெல்க. வழிபாட்டிற்கும் மருந்திற்கும் பகையில்லை.

முதற்சாரார் இவ்வளவில் நிற்க. நம் பழமொழிகளே பிறவிக்குணத்திற்குச் சான்று என்பாரும் உளர். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதன்றோ உலக வழக்கு என்பர். அப்பழமொழி பழக்கம் என்றதேயன்றிப் பிறவி என்றிலது. தொட்டில் என்றதேயன்றிக் கருப்பை என்றிலது. ஆகவே அது எமக்கே சான்றாயிற்று. சென்மபுத்தி செருப்பால் அடித்தாலும் போகாது என்பதோ எனின், செருப்படி எக்குணத்தையும் போக்காது என்பது எமக்கும் உடன்பாடே. அது கருவியின் குற்றம்.

இனி, நூல்வழக்கு. மடங்களில் இலக்கணம் கற்பார் முதற்கண் ஓதுவது நன்னூல். ஆக்கியோர் சமணராயினும், சங்கரநமச்சிவாயர் அதற்குக் கண்ட உரையைச் சிவஞான முனிவரே திருத்தியருளினர். அந்நூற் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றோடு ஒப்பித்துத் தலை இடை கடை எனப் பகுத்தது. நூல் கற்பித்தற்கு ஆகாதாரையும் எடுத்தோதியது. “இதுவும் குணவாதமன்றோ? எருமை அன்னமாகுமோ? சினத்தனுக்கும் மடியனுக்கும் கற்பியாதே என நும் நூலே விலக்கியதன்றோ?” என வாதியர் எம்மை மடக்குவர். வலிய வினாவே. விடை கூறுதும்.

விலக்கப்பட்டார் வரிசையை முழுதும் நோக்குக. சினத்தனோடும் மடியனோடும் கள்ளுண்டு களித்தவனும், பிணியுற்றவனும், உறங்குகின்றவனும் அவ்வரிசையில் நிற்கின்றனர். உறக்கம் ஒருவனுக்குப் பிறவிக்குணமோ? பிணி தீர்ந்தான் பிணியனோ? கள்ளின் மயக்கம் பொழுது விடியத் தெளியாதோ? உடன் எண்ணப்பட்டன ஓரினமாதல் வேண்டும் என்பது உரைமரபு. ஆகவே ஏனையவும் அவ்வந்நிலை நீங்குங்காறும் விலக்கப்பட்டனவேயன்றி, வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டன அல்ல என்பது தெளிவு. இனி, அன்னம் எருமை என்னும் ஒப்புமை, கேட்கும் முறையைச் சுட்டிற்று. குளத்தைக் கலக்கி உண்ணும் எருமைபோல ஆசிரியனைக் கலக்கிக் கேட்பான் ஒருவன் என்றதனால், அவன் அவ்வாறு கேளாதொழியின் எருமையாகான் என்பது தானே பெறப்படும். இதற்கு உறுதியாக அப்பாயிரமே, ஒருமுறை கேட்டான் மீண்டும் கேட்பின் பிழை நீங்குவன் என்றும், மூன்றாமுறை கேட்பின் முறையறிந்து பிறர்க்கு உரைக்க வல்லனாவன் என்றும் வழிகாட்டியது. ஆசிரியனாற் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரொடு பழகலாற் காற்பங்கு. பிறர்க்கு விரித்துரைத்தலான் எஞ்சிய அரைப்பங்கு எனவும் கணக்கிட்டது. பிறவிக்கு இதில் ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை என்பது நோக்கற்பாலது.

மடத்தில் யாம் பயின்ற நாளில் எம்மொடு பயின்றார் ஒருவர் வைகறையில் எழ இயலாதவர். நான்குமணிக்கு மணியடிப்பின், எழுந்து சுவரிற் சாய்ந்து மீண்டும் உறங்குவார். நாங்கள் அவரைக் கும்பகன்னர் என்றழைத்தோம். எங்கள் ஆசிரியரோ அவரை ஒருசொல்லும் வைதிலர்; வழிபாட்டிற்குப் பூப்பறித்து வரும் பணியை அவர் தலையிற் கட்டினார், அவ்வளவே. பூ வாராவிடிற் பூசை நின்றுவிடும். ஓராண்டிற்குள் மணியடிப்பவரையே அவர் எழுப்பத் தொடங்கினார். நாங்கள் இட்ட பெயர் மட்டும் நெடுநாள் போகவில்லை. அவர் எழுந்த பின்னும் எங்கள் நாக்கு எழவில்லை என்க.

இனி இரண்டாஞ்சாரார்க்கு வருவாம். இவர் நம்மவராகலின் இவர்க்கு விடை விரிவாகவே வேண்டும். சாத்துவிகம் இராசதம் தாமதம் என்னும் முக்குணமே மேனாட்டார் கூறும் ஐங்குணம் என ஒப்பிட்டு மகிழ்வார் இவருட் சிலர். அவ்வொப்புமை பொருந்தாது. அவர் ஐந்தும் சொல்லையும் செயலையும் அளந்து கணக்கிட்டு வகுத்தவை. நம் மூன்றும் தத்துவக் கூறுகள். அளவைநெறி வேறு, பொருள் வேறு. பெயரளவில் இரண்டும் குணம் எனப்பட்டமையான் ஒன்றாகா.

பிராரத்தத்தான் வந்த குணம் மாறாது என்பார் முதற்கண் குணம் யாண்டுளது எனக் காண்க. முக்குணமும் மூலப்பகுதியினின்று தோன்றும் குணதத்துவத்தின் கூறு, மூலப்பகுதி மாயையின் காரியம், மாயை சடம். குணங்கள் புத்தி முதலிய கருவிகளிற் பொருந்தி உயிர்க்கு நுகர்ச்சியைக் கூட்டுவன. எனவே அவை கருவியின் இயல்பேயன்றி உயிரின் சொரூபம் அல்ல. உயிர்க்குத் தன்னியல்பாக மெய்கண்ட சாத்திரம் வகுத்தது சார்ந்ததன் வண்ணமாதல் ஒன்றே. பளிங்கு செம்பட்டைச் சாரின் செந்நிறம் காட்டும். நீலப்பட்டைச் சாரின் நீலங் காட்டும். செந்நிறம் பளிங்கின் பிறவிக்குணம் என்பான் பட்டினை எடுத்துப் பார்க்கக் கடவன். “நான் கோபக்காரன்” என்பான், கையிலிருக்கும் கோலைத் தானே எனக் கருதினான் ஆகின்றான்.

அஃதங்ஙனமாயினும், இப்பிறவியிற் சாரும் சார்பும் வினைவழி வருவதன்றோ எனின், பிராரத்தம் தருவது யாது என ஆராய்க. உடம்பும், வாழ்நாளும், இன்பதுன்ப நுகர்ச்சியும் அது தருவன. அந்நுகர்ச்சி வருங்கால் உயிர் செய்யும் முயற்சியான் ஏறுவது ஆகாமியம். நுகர்ச்சியொடு செய்கையும் முழுதும் பிராரத்தத்தாற் கட்டப்பட்டதாயின் ஆகாமியம் என ஒன்று தோன்றுதற்கு இடமேது? ஆகாமியம் இல்லையாயின் சஞ்சிதம் எதனாற் குவிந்தது? சஞ்சிதம் இல்லையாயின் பிராரத்தம் எங்கிருந்து வந்தது? தாம் ஏறிய கிளையைத் தாமே வெட்டினார் ஆயினர் இவ்வாதியர். இன்னும் கேண்மின். செய்க என விதித்தலும் தவிர்க என விலக்கலும் செய்யமாட்டாதானை நோக்கி எழா. கல்லை நோக்கி எழுந்திரு என்பார் இலர். ஆகமங்கள் சரியை கிரியை யோகம் ஞானம் என நால்வகை நெறி வகுத்தமையானே உயிர்க்குச் சார்பை மாற்றும் ஆற்றல் உண்டென்பது பெறப்பட்டது. திருவள்ளுவர் 38ஆம் அதிகாரமாக ஊழை வைத்தவர், 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்ததும் நினைக. ஊழை ஓதிவிட்டு நூலை முடித்திலர்.

பெரியபுராணத்தைத் திருவிழாவில் மட்டும் கேட்பார் ஒன்று நோக்கார். அடியார் எல்லாரும் ஒரே இயல்பினரல்லர். எறிபத்தர் மழுவேந்தித் திரிந்தவர். பூசலார் ஒருவரொடும் பேசாது உள்ளத்துள்ளே திருக்கோயில் எடுத்தவர். அகநோக்கும் புறநோக்கும் இவ்விருவரிடத்தும் துருவங்கள்போல் நிற்கின்றன. ஒருவர்க்கு வழிதிறந்து ஒருவர்க்கு வழியடைத்தது எனச் சேக்கிழார் யாண்டும் கூறிலர். நம்பியாரூரர் திருமணப் பந்தரில் வந்த கிழவேதியரோடு வன்மை பேசி வழக்காடியவர். அவ்வன்மையை அழித்து இறைவன் அவரை ஆட்கொண்டானோ? இல்லை; வன்றொண்டன் என அதனையே பெயராக்கிப் பாடுக எனப் பணித்தனன். இயல்பின் கூர்மை போகவில்லை. அதன் முகம் திரும்பிற்று. கூச்சமுடைய பிள்ளையைப் பேசித்தீரும் பிள்ளையாக ஆக்குதல்தான் திருத்தம் என எண்ணுவாரும் இதனைக் கருதுக. மெல்லிய குரலினும் தேவாரம் தேவாரமே.

சொல்லொன்றைப் பற்றி ஒரு குறிப்பு. மேனாட்டார் இவ்வியல்புத் தொகுதியைப் பெர்சனாலிட்டி என்பர். அது கூத்தாடுவோர் அணியும் முகமூடியைக் குறித்த இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. தமிழில் அதற்கு ஆளுமை என்று ஆக்கியுள்ளனர். புதுச்சொற்களில் யாம் பெரிதும் மனம் பற்றுவதில்லை. இச்சொல்லைமட்டும் மறுக்க மனம் வரவில்லை. ஆளுதல் என்பது வினை. ஆள்வான் ஒருவனும் ஆளப்படுவது ஒன்றும் உண்டென்பதை அது தன்னுள் வைத்திருக்கின்றது. ஆக்கியோர் அறிந்து செய்தனரோ, அறியார்.

“அற்றேல் இத்தேர்வுகள் யாவும் கொளுத்தத்தக்கனவோ?” என்பார்க்கு: அல்ல. மருத்துவன் நாடி பார்ப்பது இன்றைய நிலையை அறிதற்கு. அந்நாடியை நெற்றியில் எழுதி ஒட்டுதற்கன்று. ஒரு பிள்ளை பலர்முன் பேச நடுங்குவான் எனத் தெரியின், முதல் மாதம் இருவர்முன் பாடச் செய்க. அடுத்த மாதம் ஐவர்முன் பாடச் செய்க. குறிப்பு அதற்குத் துணையாகும். அதனை எழுதித் தந்த ஆசிரியர் நாளையும் எழுதிய கிழமையையும் கீழே குறித்து, ஆறுதிங்களின் பின் மீண்டும் பார்த்து அடித்தெழுதுவாராக. அடித்தெழுதற்கு இடமில்லாத படிவத்தைப் பெற்றோர் கையொப்பமிடாது திருப்பிவிடுக.

மேற்கூறிய தந்தையார்க்கு இவற்றுட் சிலவற்றைக் கூறினேம். அவர் தலையசைத்தார்; பையனை விடுத்தாரல்லர். வகுப்பு ஞாயிறுதோறும் மாலை ஐந்துமணிக்கு நடக்கின்றது. பின்வரிசையில் ஒரு பாய் வெறிதாக விரித்தே வைத்திருக்கின்றேம். பிறவிக்குணவாதியருள் எவரேனும் இம்மறுப்பிற்கு மறுப்புரைப்பின், ஆகாமியத்தைப் பற்றி யாம் எழுப்பிய வினாவிற்கு முதற்கண் விடையிறுத்துப் பின்னர் ஏனைய கூறுவாராக. அவ்விடை இப்பத்திரிகையில் வெளிவரின் மேலும் எழுதுதும்.